நோயை வென்றவர் நீட்டும் கை

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்" என்று நம் வீட்டுப் பாட்டிமார் அடிக்கடி சொல்வார்கள். பிறர் துன்பத்தை எளிதாகப் பேசிவிடுகிறவரைக் கண்டிக்கவே இப்பழமொழி பயன்படுகிறது. ஆனால் இதற்கு இன்னொரு பொருளும் உண்டு. ஒரு நோய் தனக்கு வந்து, அதைத் தாங்கி, அதிலிருந்து மீண்ட ஒருவருக்கு, அடுத்தவரின் வலியை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அவருக்கு அது தெரியும். தெரிந்த அவர் சும்மா இருந்துவிடாமல், தாம் நடந்த வழியில் இப்போது நடக்கின்றவருக்குக் கை கொடுத்தால் எப்படியிருக்கும்? புற்றுநோயிலிருந்து மீண்டு, அந்நோயால் வாடும் மற்றவர்களுக்குத் தொண்டு செய்பவர்களைப் பற்றி இக்கட்டுரையில் எழுத முற்படுகிறோம். மருத்துவரும் செவிலியரும் தரும் உதவியோடு இவர்கள் கூடுதலாகத் தருவது என்ன என்பதே எங்கள் கேள்வி.

இதை எழுத எங்களுக்கு ஒரு காரணம் உண்டு. அது எங்களுக்குப் பெருமை தரும் காரணம் அன்று. ஆயினும் ஒளிக்காமல் அதையே முதலில் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் வகுப்பில் நடந்தது

நாங்கள் எட்டாம் வகுப்பில் படித்தபோது, நாகூரிலிருந்து வரும் எங்கள் தோழி ஒருத்தியின் உம்மாவுக்கு மார்பகத்தில் புற்றுநோய் என்று தெரியவந்தது. சிகிச்சைக்காக அவரைச் சென்னைக்கு அழைத்துச் சென்றனர். தோழி சில மாதங்கள் பெரியம்மா வீட்டில் தங்கிப் பள்ளிக்கு வந்தாள். மதிய வேளையில் நாங்கள் எல்லோரும் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் டப்பாவில் மற்றவர் கைவைத்துச் சாப்பிடுவது வழக்கம். அவள் கொண்டுவரும் இறால் வாடாவுக்கு எங்களிடையே பெரிய போட்டியே நடக்கும்.

ஒருநாள் எங்களில் ஒருத்தி, "அது ஒட்டிக்கொள்ளுமாம். எங்கள் வீட்டில் பேசிக்கொண்டார்கள்" என்றாள். அவ்வளவுதான். அன்று முதல் அவளுடைய டப்பாவை யாரும் தொடவில்லை. யாரும் அவளிடம் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவுமில்லை. ஆனால் அவள் புரிந்துகொண்டாள். ஒரு வாரம் கழித்து, வராந்தாவின் மூலையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினாள். தாய் அருகில் இல்லாத நேரத்தில், தோழியரும் அவளை விட்டு விலகினோம்.

எங்கள் வகுப்பாசிரியையான சிஸ்டர் இதைக் கவனித்துவிட்டார். அவர் எங்களைத் திட்டவில்லை. அன்று மதியம் தம் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போய் அவளருகில் உட்கார்ந்து, அவள் டப்பாவிலிருந்து ஒரு கவளம் எடுத்து உண்டார். மறுநாள் அறிவியல் வகுப்பில், புற்றுநோய் ஏன் தொற்றாது என்று கரும்பலகையில் படம் வரைந்து விளக்கினார். திட்டியிருந்தால்கூட எங்களுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அவளுடைய உம்மா குணமாகி ஊர் திரும்பியதும் நாங்கள் ஆறுபேர் அவர் வீட்டுக்குப் போனோம். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. ஒருத்தி மட்டும் அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னாள். அவர் சிரித்துவிட்டார். "ஒட்டிக்கிற நோயா இருந்தா, என் பக்கத்துலயே படுத்துக் கெடந்த என் மகளுக்குல்ல புள்ளைகளா மொதல்ல வந்திருக்கணும்?" என்றார். பிறகு எல்லோருக்கும் தட்டில் வாடா வைத்தார். அன்று முதல் எங்களுக்கும் அவர் உம்மாவே.

இன்று அவர் நாகூரிலும் சுற்றுப்புறத்திலும் யாருக்கு இந்நோய் என்று கேள்விப்பட்டாலும் தேடிப்போய் உதவுகிறார். அவரைப் பற்றி எழுத இசைவு கேட்டபோது, "பேரு வேணாம் புள்ளைகளா. மறைச்சு வைக்காதீங்கன்னு மட்டும் எழுதுங்க" என்றார். அவர் சொற்படி எழுதுகிறோம்.

புற்றுநோய் என்பது யாது?

நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. பழைய அணுக்கள் அழிவதும் புதியவை தோன்றுவதும் ஓர் ஒழுங்கின்படி நடைபெறுகின்றன. ஏதோ ஓர் அணுவில் இந்த ஒழுங்கு கெட்டு, அது கட்டுப்பாடின்றிப் பெருகத் தொடங்குவதே புற்றுநோய். வயலில் நாற்றுக்கிடையே களை முளைத்து, நெல்லுக்குரிய உரத்தையும் நீரையும் தானே உறிஞ்சிக்கொள்வதை நம் டெல்டாப் பகுதிப் பிள்ளைகள் அனைவரும் கண்டிருப்போம். அதைப் போன்றதே இதுவும். களையை முளையிலேயே பறித்தால் வேலை எளிது. பரவவிட்டால் கடினம்.

இந்நோய் பெருகுவது நோயாளியின் சொந்த அணுக்களால். ஆகவே, அது தொடுவதால், உடன் உண்பதால், ஒரே பாயில் படுப்பதால் இன்னொருவருக்கு வராது.

சிகிச்சை பெரும்பாலும் மூன்று வகைப்படும். கட்டியை வெட்டி எடுப்பது அறுவை சிகிச்சை. கதிர்களைச் செலுத்தி நோயணுக்களை அழிப்பது கதிர்வீச்சுச் சிகிச்சை. மருந்தை இரத்தத்தில் செலுத்தி உடல் முழுவதும் அவற்றைத் தாக்குவது கீமோதெரபி. சிலருக்கு ஒன்று போதும். சிலருக்கு இரண்டோ மூன்றோ தேவைப்படும்.

கீமோதெரபி பெறுபவருக்கு முடி ஏன் கொட்டுகிறது? இம்மருந்துகள் வேகமாகப் பெருகும் அணுக்களைத் தேடித் தாக்குகின்றன. முடியின் வேரிலும், வாயின் உட்புறத்திலும், குடலிலும், இரத்தம் உண்டாகும் எலும்பு மச்சையிலும் உள்ள நல்ல அணுக்களும் வேகமாகப் பெருகுபவை. மருந்து அவற்றையும் தாக்கிவிடுகிறது. அதனால்தான் முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது, குமட்டல் உண்டாகிறது, இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைகின்றன. மருந்து நின்றபின் பெரும்பாலும் முடி மீண்டும் முளைத்துவிடும். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் காலத்தில் நோயாளியை மற்ற நோய்கள் எளிதில் பற்றும். எனவே சளியும் காய்ச்சலும் உள்ளவர்கள் அப்போது அவரைப் பார்க்கப் போகக் கூடாது. எங்கள் தோழியின் வீட்டு விஷயத்தில் நாங்கள் எண்ணியதற்கு உண்மை நேர் எதிரானது! அவரிடமிருந்து எங்களுக்கு எதுவும் வந்திருக்காது. எங்களிடமிருந்துதான் அவருக்கு ஏதேனும் போயிருக்கக்கூடும்.

மறைப்பதால் வரும் கேடு

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 14 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டதாக மதிப்பிடப்பட்டுள்ளது. இத்தனை பேருக்கு வரும் ஒரு நோயின் பெயரை நம் வீடுகளில் யாரும் உரக்கச் சொல்வதில்லை. "அந்த நோய்" என்று தாழ்ந்த குரலில் சொல்வார்கள். மகளின் கலியாணப் பேச்சு தடைப்படும் என்று தாய் மறைப்பார். குடும்பத்தின் முன்வினை என்று ஊர் சொல்லும் எனத் தந்தை மறைப்பார்.

உம்மாவும் ஆறு மாதங்கள் மறைத்தவர்தான். கட்டி வலிக்கவில்லை. வலிக்காதது எப்படிப் பெரிய நோயாக இருக்கும் என்று அவர் எண்ணினாராம். மார்பகப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை என்பது அப்போது அவருக்குத் தெரியவில்லை. "வலிச்சிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்" என்றார்.

எங்கள் ஊர்ப் பக்கம் நோயாளிகளுக்குப் புதிதன்று. நாகூர் தர்காவுக்கும் வேளாங்கண்ணி மாதா கோயிலுக்கும் உடல் நலம் வேண்டி எங்கெங்கிருந்தோ மக்கள் வருகிறார்கள். நோயைக் கடவுளிடம் சொல்லத் தயங்காத நாம், அதை மருத்துவரிடம் சொல்ல மட்டும் ஏன் தயங்க வேண்டும்? வேண்டுதலும் வைத்தியமும் ஒன்றையொன்று தடுப்பவை அல்லவே!

தங்கையின் நினைவில் எழுந்த மருத்துவமனை

தமிழ்நாட்டில் இந்நோயின் இருளைப் போக்க முன்வந்தவர் ஒரு பெண்மணி. 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்து, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களே அவர். அவருடைய அன்புத் தங்கை 1923-இல் புற்றுநோயால் இறந்தார். தாமே மருத்துவராக இருந்தும் தங்கையைக் காப்பாற்ற இயலவில்லையே என்ற துயரம் அவர் மனத்தை விட்டு அகலவில்லை. புற்றுநோய்க்கென்றே ஒரு மருத்துவமனை வேண்டும் என்று அவர் பல்லாண்டுகள் பாடுபட்டார். 1952-இல் பிரதமர் நேரு அவர்கள் அடிக்கல் நாட்டினார். 1954-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் சென்னை அடையாறில் அந்த மருத்துவமனை 12 படுக்கைகளுடன் தொடங்கியது. தங்கை இறந்து 31 ஆண்டுகள் கழிந்திருந்தன!

முத்துலட்சுமி அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். டாக்டர் சாந்தா 2021-இல் தம் 93-ஆம் வயதில் மறையும்வரை அந்நிறுவனத்துக்காகவே வாழ்ந்தார். 2005-இல் மகசேசே விருதும், 2016-இல் பத்ம விபூஷண் விருதும் அவரை நாடி வந்தன.

முத்துலட்சுமி அம்மையார் நோயாளி அல்லர், நோயாளியின் உடன்பிறந்தவர். தம் வீட்டில் நுழைந்த துன்பத்தைப் பிறர் வீட்டில் நுழையவிடாமல் தடுக்க எண்ணினார். இதே எண்ணம் நோயிலிருந்து மீண்ட ஒருவருக்கே வந்தால், அது எவ்வாறு வேலை செய்கிறது என்பதை இனிப் பார்ப்போம்.

மீண்டவர்கள் செய்த தொண்டு

1952-இல் அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரில் டெரீஸ் லாசர் என்ற பெண்மணிக்கு மார்பகப் புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சை நடந்தது. கையை எப்படி அசைப்பது, எதை உடுத்துவது, கணவரிடமும் பிள்ளைகளிடமும் என்ன சொல்வது என்று அவருக்கு வழிகாட்ட ஆளில்லை. தாம் தேறியபின், அதே அறுவை நடந்த பெண்களை மருத்துவமனைகளில் போய்ப் பார்க்கத் தொடங்கினார். கைப்பயிற்சிக்கு ஒரு ரப்பர் பந்து, ஒரு கயிறு, உடைக்குள் வைத்துக்கொள்ளத் தற்காலிகமான ஒரு செயற்கை மார்பகம் ஆகியவை அவர் கொண்டுபோன பொருள்கள். மருத்துவர் அல்லாத ஒருவர் வார்டுக்குள் வருவதைத் தொடக்கத்தில் பல மருத்துவர்கள் விரும்பவில்லை. ஆயினும் நோயாளிகள் அவரை விரும்பினர். 1969-இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் அவருடைய தொண்டைத் தன் திட்டங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. "ரீச் டு ரெகவரி" என்ற அத்திட்டம் பிறகு பல நாடுகளுக்கும் பரவியது.

நம் நாட்டிலும் இத்தகையோர் உளர். ஹர்மாலா குப்தா என்பவர் கனடாவில் ஆராய்ச்சிப் படிப்பில் இருந்தபோது, 1986-இல், நிணநீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஒருவகைப் புற்றுநோய் அவருக்கு வந்தது. குணமாகி இந்தியா திரும்பியதும், இங்கு நோயாளிகள் மனம்விட்டுப் பேச இடமில்லாததைக் கண்டார். 1991-இல் நோயிலிருந்து மீண்டவர்களைக் கொண்டு "கேன்சர் சஹயோக்" என்ற ஆதரவுக் குழுவையும், 1996-இல் டெல்லியில் "கேன்சப்போர்ட்" என்ற அமைப்பையும் தொடங்கினார். அவ்வமைப்பின் மருத்துவர், செவிலியர், ஆலோசகர் ஆகியோர் குழுவாக நோயாளியின் வீட்டுக்கே சென்று, வலியைத் தணிக்கும் சிகிச்சையைக் கட்டணமின்றித் தரலாயினர். குணப்படுத்த முடியாத நிலையிலும் ஒருவரைக் கைவிடலாகாது என்பது இத்தொண்டின் அடிப்படை.

மும்பையில் வந்தனா குப்தா என்பவர், தாம் மீண்டபின் 1994-இல் "வி கேர்" என்ற அறக்கட்டளையை நிறுவினார். அதே நகரில், சிறுவயதில் புற்றுநோய் வந்து பிழைத்த இளைஞர்கள் 2009-இல் "உகம்" என்ற குழுவை அமைத்தனர். சிகிச்சையிலுள்ள குழந்தைக்கு, "நானும் இந்தப் படுக்கையில் கிடந்தவன்தான், இப்போது கல்லூரிக்குப் போகிறேன்" என்று ஓர் அண்ணன் வந்து சொன்னால் எவ்வளவு ஆறுதலாக இருக்கும்!

சென்னையில் வாழும் நீரஜா மாலிக் 1998-இல் ஒருமுறை, 2004-இல் மறுமுறை என இருமுறை மார்பகப் புற்றுநோயை எதிர்த்து மீண்டவர். பிறகு சென்னையில் ஒரு மருத்துவமனையில் புற்றுநோயாளிகளுக்கு ஆலோசனை கூறும் பணியில் ஈடுபட்டார். நம் தாய்மார் திரையில் கண்டு வியந்த நடிகை கௌதமி, தம் 35-ஆம் வயதில் இந்நோய்க்கு ஆளானார். மார்பகக் கட்டியைத் தாமே தடவிப் பார்த்துக் கண்டுபிடித்தவர் அவர். நோயை மறைக்காமல் வெளிப்படையாகப் பேசினார். "லைஃப் அகெய்ன்" என்ற அறக்கட்டளையைத் தொடங்கி, விழிப்புணர்வுப் பணியைச் செய்து வருகிறார். புகழ்பெற்ற ஒருவர் தம் நோயின் பெயரை மேடையில் சொல்லும்போது, அடுக்களையில் ஒளித்து வைத்திருக்கும் ஒரு தாய்க்கும் அதைச் சொல்லத் துணிவு பிறக்கிறது.

ஒற்றைக் காலில் ஓடிய இளைஞர்

முழுமையாகக் குணமடைந்தவர்தான் உதவ முடியும் என்பதும் இல்லை. கனடா நாட்டு இளைஞர் டெரி ஃபாக்ஸுக்கு 1977-இல், 18-ஆம் வயதில், எலும்பில் புற்றுநோய் வந்து வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டனர். மருத்துவமனையில் தம்முடன் இருந்த நோயாளிகளின், குறிப்பாகக் குழந்தைகளின், துன்பத்தை அவரால் மறக்க முடியவில்லை. புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட, செயற்கைக் காலுடன் கனடாவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஓட முடிவு செய்தார்.

1980 ஏப்ரல் 12-ஆம் நாள் புறப்பட்டார். நாள்தோறும் ஏறத்தாழ 42 கிலோமீட்டர்! 143 நாள்களில் 5,373 கிலோமீட்டர் ஓடியபின், நோய் நுரையீரலுக்குப் பரவியது தெரிந்து செப்டம்பர் 1-ஆம் நாள் நிறுத்த வேண்டியதாயிற்று. 1981 ஜூன் 28-ஆம் நாள், 23 வயது நிறையுமுன் மறைந்தார். அவர் மறுகரையை எட்டவில்லை. ஆனால் அவர் பெயரால் அவ்வாண்டு முதல் பல நாடுகளில் மக்கள் ஓடி, புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டி வருகின்றனர்.

உம்மாவின் துணிப்பை

பெரிய அமைப்புகளைப் பற்றிப் படித்தபின், எங்கள் உம்மா என்ன செய்கிறார் என்று கூர்ந்து பார்த்தோம். அவரிடம் அமைப்பு இல்லை, பெயர்ப்பலகை இல்லை. ஒரு துணிப்பை இருக்கிறது. சென்னைக்குப் புறப்படும் நோயாளிக்குத் துணையாக அவர் இரவு ரயில் ஏறும்போது அது அவருடன் போகும். அதற்குள் என்ன என்று கேட்டோம். ஒவ்வொன்றாக எடுத்து வைத்து விளக்கினார்.

தேதி வரிசைப்படி அடுக்கிய காகிதங்களுக்கான ஒரு ஃபைல். "டாக்டரு கேக்குறப்ப பையைக் கவுத்துத் தேடிக்கிட்டு நின்னா, கேக்க வேண்டியது மறந்துபோவும்." ஒரு சிறு நோட்டு. மருத்துவரிடம் கேட்க வேண்டியதை முதல்நாளே அதில் எழுதிவிட வேண்டும். வெந்நீருக்கு ஒரு ஃபிளாஸ்க். வாந்தி வந்தால் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் டப்பா. தலையில் கட்ட மெத்தென்ற பழைய பருத்தித் துணி. முடி கொட்டியபின் தலைத்தோலில் முரட்டுத் துணி படக்கூடாதாம். வாய் புண்ணானவருக்குக் காரமில்லாத குழைந்த சோறும் ஒரு கரண்டியும்.

பையில் இல்லாத பொருள்களும் அவரிடம் உண்டு. சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கு ரயிலில் படுக்கை வசதியுள்ள வகுப்பில் முழுக் கட்டணச் சலுகையும், துணைக்கு வருபவருக்கு 75 விழுக்காடு சலுகையும் உண்டு. மருத்துவமனையில் அதற்குரிய படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் அட்டை பெற்ற குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு உதவி உண்டு. இவையெல்லாம் அரசு ஏற்படுத்திய வசதிகளே. ஆனால் எந்த ஜன்னலில் எந்தக் காகிதத்தை நீட்ட வேண்டும் என்பது, அங்கே வரிசையில் நின்றவருக்குத்தான் தெரிகிறது.

அறுவைக்குப் பின் மார்பும் தோளும் இறுகிக் கையைத் தூக்க முடியாமற் போகும். மருத்துவமனையில் கற்றுத்தரும் பயிற்சியை வலிக்கு அஞ்சிப் பலர் விட்டுவிடுகிறார்கள். உம்மா அவர்களைச் சுவரருகில் நிறுத்தி, விரல்களை எறும்பு ஊர்வதுபோல் சுவரில் மேலே நகர்த்தச் சொல்கிறார். தாமும் பக்கத்தில் நின்று செய்கிறார். அவருடைய கை தலைக்கு மேல் உயர்வதைக் கண்டதும், அந்த நோயாளியின் கையும் ஓர் அங்குலம் கூடுதலாக உயர்கிறது. எங்கள் கேள்விக்கு விடை அந்தச் சுவரருகில்தான் கிடைத்தது. "இதைச் செய்தால் கை சரியாகும்" என்று மருத்துவர் சொல்வது அறிவு. "இதோ, என் கை" என்று மீண்டவர் காட்டுவது சான்று. நோயாளிக்கு இரண்டுமே வேண்டும்.

குரல்வளை அகற்றப்பட்டவர்களுக்கும் இவ்வாறே. கழுத்திலுள்ள துளை வழியாக மூச்சுவிடும் அவர்கள், உணவுக்குழாய் வழியாகக் காற்றை எழுப்பிப் பேசும் முறையைக் கற்க முடியும். அப்படிப் பேசக் கற்ற ஒருவரே எதிரில் உட்கார்ந்து பேசிக் காட்டும்போது, இனி ஊமையாகவே வாழ வேண்டுமோ என்ற அச்சம் நீங்குகிறது.

எச்சரிக்கை செய்வதிலும் இவர்கள் சொல்லுக்கு வலிமை அதிகம். நம் தஞ்சைச் சீமையில் வெற்றிலை பாக்கு இல்லாத விருந்து ஏது? நடவு வேலையில் பசி தெரியாமலிருக்கப் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளும் பெண்கள் இன்றும் உண்டு. புகையிலையும், வெறும் பாக்கும்கூட, வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் என்று ஆராய்ச்சிகள் உறுதி செய்துள்ளன. சுவரொட்டி சொன்னால் கேளாதவர்கள்கூட, கன்னத்தில் அறுவைத் தழும்புள்ள ஒருவர் சொன்னால் சற்று நின்று கேட்கிறார்கள்.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அப்போது நாங்கள் பிறக்கவில்லை. அந்நாள்களைப் பற்றி எங்கள் தாய்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அரிசியும் துணியும் எங்கெங்கிருந்தோ வந்தனவாம். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்து அழவும் மறந்து உட்கார்ந்திருந்த தாயை அழவைத்தது, தானும் பிள்ளையைப் பறிகொடுத்த இன்னொரு தாய் வந்து பக்கத்தில் உட்கார்ந்ததுதானாம். உம்மாவும் நோயாளிகளிடம் அதிகம் பேசுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார்.

உதவிக்கும் ஓர் எல்லை உண்டு

இவ்வுதவியில் கவனமும் தேவை. ஒருவருக்கு வந்த புற்றுநோயும் மற்றவருக்கு வந்ததும் ஒன்றல்ல. இடம், வகை, நிலை ஆகியவை வேறுபடும். எனக்குத் தந்த மருந்தையே கேளுங்கள் என்று சொல்வது தீங்காகும். அதனால்தான் முறையான அமைப்புகள், சிகிச்சை முடிந்து குறிப்பிட்ட காலம் கழிந்தவர்களுக்குப் பயிற்சி தந்த பின்னரே நோயாளிகளைப் பார்க்க அனுப்புகின்றன. மருந்தைப் பற்றிய கேள்வி வந்தால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். கேட்ட இரகசியத்தை வெளியே சொல்லக் கூடாது. நிச்சயம் குணமாகிவிடும் என்று வாக்குறுதி தரவும் கூடாது.

உம்மாவுக்கும் இது தெரியும். அவர் துணைக்குச் சென்றவர்களுள் இருவர் பிழைக்கவில்லை. "நான் மட்டும் ஏன் பொழச்சேன்னு ராத்திரியில கேப்பேன். பதில் கெடைக்காது. விடிஞ்சதும் யாராவது போன் பண்ணுவாங்க. பையை எடுத்துக்குவேன்" என்றார். நாங்கள் ஒன்றும் பேசாமல் இருந்தோம்.

நாம் செய்யக்கூடியது

தோழியரே, நமக்கு நோய் வந்து மீண்டால்தான் நாம் உதவ முடியுமா? இல்லை. நோயாளியின் வீட்டுப் பிள்ளை நம் வகுப்பிலேயே இருக்கலாம். அவள் வராத நாள்களின் பாடத்தை எழுதித் தரலாம். தேர்வுக் காலத்தில் அவள் தம்பியையும் நம்முடன் உட்காரவைத்துப் படிப்புச் சொல்லித் தரலாம். எல்லாவற்றிலும் எளியது, அவளுடன் உட்கார்ந்து சாப்பிடுவது. எங்களால் செய்ய முடிந்திருந்தும் செய்யத் தவறியது அதுதான்.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் பெரியவர்கள் பேசுவதைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறோம். அறியாமல் சொல்லப்படும் ஒரு சொல் மறுநாள் வேப்பமரத்தடிக்கு வந்துவிடுகிறது. அம்மா, பாட்டி, பெரியம்மா, அத்தை ஆகிய உங்களுக்கு உடலில் கட்டியோ, ஆறாத புண்ணோ, காரணமில்லாத இரத்தப்போக்கோ இருந்தால் எங்களுக்காக மறைத்து வைக்காதீர்கள். எங்கள் படிப்பும் எங்கள் கலியாணமும் காத்திருக்கும். நோய் காத்திராது.

எங்கள் தோழியும் இவ்வாண்டு எங்களுடன் பத்தாம் வகுப்பு எழுதுகிறாள். மதியச் சாப்பாட்டு வட்டத்தில் அவள் இப்போது நடுவில் உட்காருகிறாள். இக்கட்டுரையை முதலில் அவளிடம்தான் படித்துக் காட்டினோம். முழுவதும் கேட்டுவிட்டு, "வராந்தா மூலையை எழுதத்தான் வேணுமா?" என்றாள். எடுத்துவிடலாமா என்று கேட்டோம். சற்று யோசித்தாள். "வேண்டாம், இருக்கட்டும். அடுத்த வருஷம் எட்டாவது படிக்கப்போற பிள்ளைங்க படிக்கட்டும்" என்றாள்.

பத்தாம் வகுப்பு மாணவியருக்காக,
ஒரு மாணவி